நாலு கோடு

செவ்வாய்ப்பேட்டை இரும்புக்கடையில்
கிலோக் கணக்கில்தான் தந்தார்கள்.
கன்னங்குறிச்சி மேட்டில் டெம்போ முனகியது.

வெள்ளைக்கல் சுரங்கத்தில் உழைத்த மில்லிங் மிஷின்;
திருகுதண்டைத் துடைக்கத் துடைக்க
திருநீறு மாதிரி
உதிர்ந்துகொண்டே இருந்தது.

நீலம் பூசிப் பார்த்தேன்.
மேசையின் நடுவில் மட்டும் பள்ளம்.
முப்பது வருடம் எல்லோரும்
நடுவிலேயே வேலை செய்திருக்கிறார்கள்.
ஓரத்தில்
சுரண்டிய பூ அப்படியே இருக்கிறது,
ஒருவரும் தொடாமல்.

வீட்டுக் கரண்டில் ஓட
டிரைவ் மாட்டினேன்.
மோட்டார் கொசுபோலக் கீச்சிட,
செண்பகவல்லியின் ரேடியோ
செய்தி நடுவே இரைகிறது.

சுரண்டி மட்டம் பார்த்து முடித்தும்
கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினால்
நாலு கோடு சும்மா போகும்,
பிறகுதான் மேசை நகரும்.
புது பித்தளை நட்டு போட்டால் சரியாகும்.
கடைந்து வைத்துவிட்டேன், மாட்டவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டால்
நானும் நாலு கோடு கழித்துத்தான்
எழுகிறேனாம்.