புத்தகத்தில் இல்லாத கூடு

"அக்கா, கூடு புத்தகத்தில இல்ல."

புளியங்குளம் சந்தியில்
சார்ஜன் விஜேகோன்
என் கெப்பின் பதிவுப் பிரதியை
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார்,
கள்ளநோட்டுப் பார்ப்பதுபோல.
பின்னால் பன்னிரண்டு பெட்டி.
பெட்டிக்கு நூறு கோழிக்குஞ்சு.
சாவுக்கென்று ரெண்டு கூடப் போட்டுத்தான்
வவுனியாவில் பெட்டி மூடுவார்கள்.
பில்லில் நூறுதான்.

தண்டப்பத்திரம் மூன்று மொழியில் இருந்தது.
மூன்றிலும் நான் பிழை.

கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன்.
எட்டு ஆணி, ஒரு மணித்தியாலம்.
கூட்டை ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால்
கவிழ்த்து வைத்துவிட்டு
வெறும் முதுகோடு ஓடினேன் மாங்குளம் வரை,
அங்கிருந்து மேற்கே.
மல்லாவியில் நிறுத்தியபோது
மேல் அடுக்கில் சத்தம் இல்லை.
பத்மகௌரி ஒரு பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.
நாற்பத்தொன்றைக் கழித்துக்கொண்டு
காசை என் கையில் வைத்தாள்.
ஒரு சொல்லும் சொல்லவில்லை.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திணைக்களத்தில் வரிசை.
எனக்கு முன்னால் ஒரு டிப்பர்க்காரன்,
அவனுக்கு முன்னால்
சைலன்சர் மாற்றிய பொடியன்.
பரிசோதகர் இராசநாயகத்தின் அளவுநாடாவில்
முதல் அங்குலங்கள் முறிந்து போயிருந்தன.
பத்திலிருந்து தொடங்கிப் பத்தைக் கழிப்பார்,
ஒவ்வொரு தரமும் வாய்விட்டு.
"அகலம் பொடியைத் தாண்டக்கூடாது.
பின்லைற் தெரியவேணும், இலக்கத்தகடு தெரியவேணும்.
கண்ணாடியில பின்னால வாறவன் தெரியவேணும்.
கூட்டின்ர பாரம்
நீங்க ஏத்துற பாரத்தில கழியும் பிள்ளை,
அது சும்மா வராது.
கூடு போட்டாச்செண்டு
ஆக்களை ஏத்தக்கூடாது."

படிவத்தில் ஒரு கேள்வி: எதற்காக?
பதிலுக்கு விரல்நீளக் கோடு.
வெயில், என்று எழுதினேன்.
அவர் அதை வெட்டி
'பொருட் பாதுகாப்பு' என்று எழுதினார்.
வெயில் காரணமாகாதாம்.

அவருக்கு நான் சொல்லவில்லை:
ஒரு வருசம்
வெள்ளைத் தறப்பாளுக்குக் கீழே இருந்தனாங்கள்.
அதன் உயரத்தை யாரும் அளக்கவில்லை.
காற்று வரும் பக்கம் எது என்றும் கேட்கவில்லை.
எத்தனை பேர், எத்தனை பேர் என்று மட்டும்
காலையும் மாலையும் எண்ணினார்கள்.

இப்போது அளக்கிறார்கள்.
கோபம் வரவேண்டும் எனக்கு. வரவில்லை.
நாடாவின் மற்ற நுனியை
நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரெண்டு அங்குலம் கூட, என்றார்.
கனகராயன்குளத்தில் ஒட்டுக்கடை நிமலறூபன்
"எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.
எழுதித் தரவில்லை, என்றேன்.
ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று வெட்டினான்.
பொறி பறந்து என் செருப்பில் ஒரு துளை.
பிறகு தராசு: எண்பத்தாறு கிலோ.
பிறகு ஒரு கையொப்பம்,
அந்தக் கையொப்பத்துக்குரியவர் லீவில்.
பிறகு பங்குனி போய்ச் சித்திரை.
அந்த நாட்களில் இரவில்தான் ஓடினேன்.
ஓமந்தைக்கு அங்கால்
வீதியில் யானை நின்றால்
விளக்கை அணைத்துவிட்டுக்
குஞ்சுகளின் கத்தலை நானும் அதுவுமாய்க்
கேட்டுக்கொண்டிருப்போம்.

இன்று புளியங்குளத்தில் அதே சார்ஜன்.
புத்தகத்தை நீட்டினேன்.
நீல மையில் ஒரு வரி,
அதன்மேல் சாய்ந்த முத்திரை.
அவர் ரெண்டுதரம் வாசித்தார்.
பிறகு கூட்டைச் சுற்றி நடந்து
பின்விளக்கைத் தட்டிப் பார்த்து
தகரத்தில் காதை வைத்தார்.
"நிறையக் கதைக்குது," என்றார்.
சிரித்தாரா தெரியவில்லை,
தொப்பி மறைத்தது.

மல்லாவி.
பத்மகௌரி மேல் அடுக்கிலிருந்து
ஒரு பெட்டியை இறக்கி
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது,
நூறு.
நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

பெட்டியின் மூலையில்
இன்னும் ரெண்டு.