எட்டுக் காசு

பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு
இருபத்தெட்டரைச் சக்கரம்.
நான் இருபத்தெட்டுதான் கொடுப்பேன்.
மிச்சம் அரைச் சக்கரம், அதாவது எட்டுக் காசு.
அதில்தான் செங்கோட்டைச் சவுக்கைப் பக்கம்
ஒரு பெட்டி, ஒரு குடை, மூன்று பிள்ளைகள்.

ஆடிச் சாரல்.
குற்றாலத்தில் குளித்த தலையோடு வருகிறவர்கள்
ஈர ரூபாயை நீட்டுவார்கள்.
அந்த வருஷம் கூடவே கேள்வியும்:
"திருவிதாங்கூர் தனி நாடாமே?"

"சேரவே கூடாது," என்றார் மரக்கடை சங்கரலிங்கம்.
"சங்குக்கொடி இருக்கு, அஞ்சல் இருக்கு,
பட்டாளம் இருக்கு. நமக்கு என்னவே குறை?"
"சோறு," என்றான் வண்டிமறிச்சான்.
சவுக்கையில் தினமும் மறிக்கப்படுவது
அவன் வண்டிதான்.
வக்கீல் குமாஸ்தா நல்லபெருமாள்
குடையை மடக்கி மண்ணில் ஒரு கோடு போட்டார்.
"சேர்ந்தா டில்லி, சேராட்டி திருவனந்தபுரம்.
நாம பேசுதது ரெண்டு பேருக்கும் கேக்காது."
சாரல் விழுந்து கோடு சேறாகி
அதை ஓர் ஆடு மிதித்துப் போனது.

அந்நேரம் உலகம்மை வந்தாள்,
வயிற்றில் தென்காசி அரிசி நாலு படி.
மூன்று வருஷமாக அவளுக்கு ஏழு மாசம்.
சவுக்கைச் சேவகன் மரியாதையாக
முகத்தைத் திருப்பிக்கொள்வான்;
அவனுக்கு ஓர் உழக்கு.
"தனி நாடு ஆனா எனக்குப் பிரசவம் ஆயிருமா,
இல்ல, இன்னும் நிக்குமா அண்ணாச்சி?"
குமாஸ்தா குடையை விரித்துக்கொண்டார்.

என்னையும் கேட்டார்கள்.
"சேரணும், சேரணும்," என்றேன் வாயால்.
ராத்திரி பாயில் கிடந்து
சங்குக்காக வேண்டிக்கொண்டேன்.

சேர்ந்தது.
மகாராஜா சம்மதித்ததாக
ரயிலில் வந்த பத்திரிகை சொன்னது.
வண்டிமறிச்சான் காளைக் கொம்புக்கு
மூன்று வர்ணம் அடித்தான்.
மறுநாளும் மறித்தார்கள்.

சக்கரம் சாக இன்னும் ரெண்டு வருஷம் ஆயிற்று.
அப்புறம் தாலுகாவையே அறுத்து
எங்களைத் திருநெல்வேலியோடு தைத்தார்கள்.
தங்கை வாக்கப்பட்ட ஆரியங்காவு
அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
அதற்கும் கூட்டம், கொடி, மிட்டாய்.
நானும் கை தூக்கினேன்.
இந்தத் தடவை மனசார;
போவதற்கு எட்டுக் காசும் மிச்சமில்லை.

பெட்டியில் இப்போது வெற்றிலை.
சவுக்கை புளியரைக்கு நகர்ந்துவிட்டது.
நேற்று அந்தச் சாலையில் உலகம்மையைப் பார்த்தேன்.
தலை பாதி நரைத்திருந்தது,
இடுப்பில் கை ஊன்றி
மேற்கே மெதுவாக நடந்துகொண்டிருந்தாள்.
ஏழு மாசம்.