நீயும் தொங்கு, நானும் தொங்கு

நவம்பர் கடைசி. நாற்பது பாகை வெயில்.
பெண்டிகோவில், எங்கள் தெருமுனைக் கம்பியில்
கரிந்து தொங்கியது ஒரு வௌவால்.
அதன் மார்பில் இன்னொன்று,
உயிரோடு,
பால் நின்ற காம்பை விடாமல்.

மின்சாரக்காரர் இணைப்பைத் துண்டித்து ஏணி வைக்க
நிரோஜினி கையுறையோடு ஏறினாள்.
மூன்று ஊசி போட்டவள் அவள்.
ஊசி போடாதவர் தொடக்கூடாது என்று
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில்
சிவப்பு மையில் இரண்டு கோடு.
மாதுமைக்கு ஏழு வயது. ஊசி இல்லை.
எனக்கும் இல்லை; ஆசையும் இல்லை.

பின்விறாந்தையில், வலைக்கதவுக்கு அப்பால்
துணி காயும் சட்டத்தில் அது.
இப்பால் அவள்.
முதல்நாளே பேர் வைத்துவிட்டாள்: குடை.
"மழைக்கு விரிக்கலாமோ?" என்றேன்.
"அது தானா விரியும், அப்பா."
முட்டாளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நாலு மணிக்கொரு தரம் பால்.
"எத்தினை மில்லி, அம்மா?"
"பதினைஞ்சு."
கொப்பியில் எழுதுவாள், ஐந்தைத் திருப்பிப் போட்டு.
நிரோஜினி முழங்கை வரை கழுவி வரும்வரை
வாசலில் நிற்பாள்.
ஈரம் காயுமுன் அந்தக் கையைப் பிடித்துக்
கன்னத்தில் வைப்பாள்.
எனக்குச் சவர்க்காரம் மட்டுந்தான் மணக்கும்.
"இல்லை, கொஞ்சம் கொய்யாப்பழம்" என்பாள்.

இரவில் அது கூப்பிடும்,
கம்பியில் கிடந்தவளைத்தான்.
அறைக்குள்ளிருந்து இவள் நாக்கைத் தட்டிப்
பதில் சொல்வாள், டொக், டொக்.
அதிகாலை வேலைக்காரன் நான்,
தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு
இருவரையும் திட்டினேன்.

ஒரு சனிக்கிழமை பெரிய அழுகை:
குடை தன் முகத்தைப் பார்ப்பதே இல்லையாம்.
பார்க்கத்தான் செய்தது.
"அதுக்கு நான்தானே தலைகீழ்!"
தானாகவே கண்டுபிடித்தாள்.
அன்றிலிருந்து விறாந்தைக் கம்பியில்
முழங்காலை மடித்துத் தொங்கல்.
சட்டை கழுத்துக்கு வர, கன்னம் சிவக்க
வலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு முகம், ஒரே வாக்கில்.
வௌவால் வீட்டுக்கு வௌவால் போனால்
நீயும் தொங்கு நானும் தொங்கு என்று
கதிரை இல்லாத வீடுகளை நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.
இனி யாரைச் சொல்லிப் பண்ணுவது?

விழுந்து உதடு கிழிந்தது. மூன்று தையல்.
என்ன நடந்தது என்று கேட்ட டொக்டரிடம்
"சிநேகிதனோட கதைச்சனான்" என்றாள்.
அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு
அரைமணி நேரம் விளக்கம் சொன்னேன்.

பெப்ரவரியில் குடை போனது,
முதலில் ஊருக்கு வெளியே பெரிய கூட்டுக்கு,
அங்கிருந்து பூங்காவுக்கு,
பெருவிரலில் ஓர் எண்ணோடு.
பொழுது பட, மரங்கள் கறுப்பாய்
மேல்நோக்கி உதிர்ந்தன.
எது அது என்று நிரோஜினிக்கே தெரியாது.
மாதுமை கை காட்டவில்லை.
நடைபாதைக் கம்பியில் ஏறித் தொங்கினாள்.
வானம் முழுக்க அவள் காலுக்குக் கீழே போனது.

வரும் வழியில் ஒரு சொல் இல்லை.
சோற்றைப் பிசைந்து, அப்படியே வைத்துவிட்டாள்.

மார்ச்சில் அத்தி பழுத்தது,
மூன்று வருடம் நான் தண்ணீர் ஊற்றிய மரம்.
காலையில் பாதிப் பழம் தரையில்.
கார்க் கண்ணாடியில் ஊதாவும் விதையுமாய்
நீளமாய் ஒரு கோடு.
ஆறு மணி வேலை. வாளியும் துணியுமாய் நிற்கிறேன்,
இரவுச் சட்டையோடு ஓடி வருகிறாள்.
"துடைக்காதீங்கோ!"
"குடைதான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"
"எங்கட கார் எண்டு அதுக்குத் தெரியும்."

கோழித் தொழிற்சாலைக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.
அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம்
கழுத்தைச் சாய்த்து
வீதியைப் பார்த்தபடி ஓட்டினேன்.