ஏழாவது கட்டம்

ஹைதராபாத்திலிருந்து முடிவு வந்த அன்று
திருத்துறைப்பூண்டியில் மின்சாரம் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் டாக்டர் ரெஜினா
இரண்டு முறை படித்தார்.
இருபத்துமூன்று குழாய் ரத்தம் அனுப்பியிருந்தோம்.
பத்தொன்பது கலப்பு.

அந்த இரலை வந்த நாள் எனக்குத் தெரியும்.
இரண்டு முதலைக்குட்டிகளைக் கொடுத்து
வடக்கேயிருந்து வாங்கிய மாற்று.
நான்கு நாள் லாரியில் நின்றே வந்து,
இறங்கியதும் நம் கோரையை மோந்து
தும்மியது.
வைரக்கண்ணுதான் சொன்னான்:
"கண்ணச் சுத்தி வெள்ள கொஞ்சம் அகலமா இருக்கே மேடம்."
நான் பதிவேட்டில் எழுதினேன்:
ஆண். வயது மூன்று. நலம்.
ஏழாவது கட்டம், கிளையினம்.
அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.
ஒரு கோடு போட்டேன்.

பிறகு பத்து வருடம்
எங்கள் பிணைகள் எல்லாம்
அந்தக் கோட்டின் பக்கம்தான் போயின.

டாக்டர் கெட்டவர் இல்லை.
தீவன மூட்டையின் மேல் காகிதம் வைத்து
வரைந்து காட்டினார்:
கோடியக்கரையில் நிற்பவை
உப்புக்காற்றிலும் கடல் ஏறிய புல்லிலும்
ஊறி ஊறி அப்படி ஆனவை.
இவற்றை அங்கே விட்டால்
திரும்ப எடுக்க முடியாது.
சரிதான்.
பாலில் விழுந்த மோரை யார் பிரிப்பது.
நானும் தலையாட்டினேன்.

கொண்டுபோய் விடுவதற்கென்று செய்த பெட்டிகள்
ஏழும் கொட்டகையில் இருக்கின்றன.
ஒன்றில் கோழி அடைகாக்கிறது.

ஆணை வந்தது.
ஆண் தனி, பெண் தனி, நடுவே பச்சை வலை.
சாகும்வரை தீவனம் உண்டு.

தாலுகா ஆபீஸில் ஒருமுறை
என் மகள் இலக்கியாவின் விண்ணப்பத்தைப் புரட்டிய எழுத்தர்
"அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
டீ குடிக்கப் போனார்.

மானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
இது விஞ்ஞானம். அது வேறு.
எனக்கு வித்தியாசம் தெரியும்.
தெரிந்துதான் மூன்று நாள்
பதிவேட்டைத் திறக்காமல் இருந்தேன்.

ஐப்பசி அடைமழையில்,
வலை கட்டுவதற்கு முன்பே சினையான ஒரு பிணை
மறி ஈன்றது.
வைரக்கண்ணு உரச்சாக்கைக் குடையாகப் பிடித்தபடி
மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.
எழுந்தது. விழுந்தது. எழுந்தது.
கண்ணைச் சுற்றி வெள்ளை,
அகலமும் இல்லை, குறுகலும் இல்லை.

ஏழாவது கட்டத்தில் "கலப்பு" என்று எழுதினேன்.
எழுத்து சின்னதாக வந்தது.
எட்டாவது, குறிப்புகள்.
அங்கே இடம் நிறைய இருந்தது.
மழை. அதிகாலை நாலே கால். மூன்றரை கிலோ.
தாய் நக்கிக்கொடுத்தது.
இடது மடியில் முதலில் பால் பிடித்தது.
எழுதிக்கொண்டே போனேன்,
மேலதிகாரி யாரும் படிக்காத வரிகள்.

வலைக்கு அந்தப் பக்கம்
அந்தக் கிழட்டு இரலை
தன் எல்லையென்று சேர்த்துவைத்த புழுக்கைக் குவியலின் மேல்
கொம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது.
மழை குவியலைக் கரைத்துக்கொண்டிருந்தது.
அது இறங்கவில்லை.