பிற (குறிப்பிடவும்)

தில்லியிலிருந்து வந்த படிவம்
கேஸ் ஏஜென்சி மேசையில் மூன்று நாள் கிடந்தது.
நாடாளுமன்ற நிலைக்குழு கேட்கிறதாம்:
போன வருஷம் ஒரே ஒரு சிலிண்டர் எடுத்தவர்கள் எத்தனை,
ஒன்றுகூட எடுக்காதவர்கள் எத்தனை,
காரணம் என்ன.
"இந்தத் தெருவெல்லாம் உனக்குத்தான்யா தெரியும்"
என்று முதலாளி பேனாவை என் பக்கம் உருட்டினார்.

தெரியும்.
எர்ணாவூர், நெட்டுக்குப்பம், சுனாமி குடியிருப்பு,
பதினேழு வருஷமாய் என் இடது தோளில் ஏறி இறங்குகிற ஊர்.
நிறைந்தது முப்பது கிலோ, காலி பதினைந்து.
அடியில் ஒரு சொம்பு மிச்சமிருந்தால்
தராசு வேண்டாம் எனக்கு.
நாலாம் மாடியிலிருந்து இறக்கும்போது
உள்ளே சளக் என்று ஒரு சத்தம் வரும்.
அந்த வீட்டில் அவசரமாய் புக் செய்திருக்கிறார்கள்,
கல்யாணம், இல்லாவிட்டால் சாவு.

தேசம்மாள் வீட்டு சிலிண்டர்
ஒருநாளும் சளக் என்றதில்லை.
இறால் உரித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.
நீலம் சுருங்கித் திரி போல ஆனதும்
சிலிண்டரைத் துணி ஊறவைக்கும் டப்பில் நிறுத்தி
சுற்றிலும் வெந்நீர் ஊற்றுவாள்.
ஒட்டிக்கொண்டிருப்பது இன்னும் இரண்டு நாள் எரியும்.
அந்த வெந்நீர் விறகில் காய்ந்தது.
விறகு, பாலம் கட்டியவர்கள் விட்டுப்போன
சென்ட்ரிங் பலகை, ஆணியோடு.
"ஆபத்துக்கா" என்றேன்.
"பாதி வெலைக்கு நீ குடு, உட்டுர்றேன்."

படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம்.
வீடு மாறியவர்.
வேறு எரிபொருள் விரும்புபவர்.
விழிப்புணர்வு இல்லாதவர்.
கடைசியில் பிற (குறிப்பிடவும்),
பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குப் புள்ளிகள்.

விரும்புபவர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
ஷம்ஷாத் அக்கா கரண்ட் அடுப்பு விரும்பித்தான் வாங்கினாள்,
தவணையில்.
யூனிட் படியேறிய ரசீது வந்த அன்று
அதைத் துடைத்து, தெர்மோகோலோடு
பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.
அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே
அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி.
கொடியில் காயும் பர்தாவிலிருந்து
தினமும் சாம்பலை உதறுகிறாள், அதற்கு மீட்டர் இல்லை.
வீட்டுக்காரர் மணலியில் கான்ட்ராக்ட் ஆள்.
அங்கே ராத்திரி முழுக்க வானத்தில் ஒரு தீ எரியும்,
மேலே பாத்திரம் எதுவும் இல்லாமல்.

இதையெல்லாம் புள்ளிகளின் மேல் எழுத முடியாது.
தேசம்மாள் பெயருக்கு நேரே
"சளக் சத்தம் இல்லை" என்று எழுதினேன்.
முதலாளி படித்தார், என்னைப் பார்த்தார்,
வெள்ளை மை தடவி, ஊதிக் காயவைத்து,
வீடு மாறியவர் என்பதில் டிக் போட்டார்.

மழை முடிந்து அவை கூடியது.
டீக்கடையில் யாரோ ஒருவரின் செல்போனில் பார்த்தேன்.
ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார், நல்ல குரல்,
நம் ஊர்ப் பேரைக்கூடச் சரியாகச் சொன்னார்.
பதில் இப்படி இருந்தது:
(அ) முதல் (ஈ) வரை, விவரங்கள் இணைப்பில்.
(உ) கேள்வி எழவில்லை.

இணைப்பைக் கடைப் பையன் தேடிக் கொடுத்தான்.
மாநிலத்துக்கு ஒரு வரி.
ஒரு வீட்டுக்கு வருஷத்துக்குச் சராசரி
இத்தனை, புள்ளி, இத்தனை.
மாசம் தவறாமல் கூப்பிடுகிற
டோல்கேட் அபார்ட்மென்ட் டாக்டர் புள்ளிக்கு முன்னால் இருப்பார்.
பின்னால் யார் என்று எனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.
ஓடிபி சொன்னாள், நோட்டை எண்ணிக் கொடுத்தாள்,
சில்லறையை இரண்டாம் தடவை எண்ணினாள்.
"நம்மளப் பத்தி டில்லில கேட்டாங்களாமே."
"கேட்டாங்கக்கா."
மூடியைத் திருகப் போனேன், கையைப் பிடித்தாள்.
"இருப்பா, புச்ச மாட்டாத.
இதுல இன்னும் ஒரு டீ கீது."

பாலை வைத்தாள்.
நிறைந்த சிலிண்டரைக் கீழே இறக்கத் தோன்றவில்லை,
தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.
ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியபோது
பர்னர் ஒரு முறை இருமியது.
"வரும், இரு" என்றாள்.