தூங்கும் தளம்

புன்த்தா அரேனாஸில்
காற்று தகரக் கூரைகளை எண்ணும் இரவு.
மிர்த்தா ஒயார்சுன்
படகு நேரம் சொல்லும் தளத்தைக்
காசில்லாத மேகத்தில் ஏற்றியிருக்கிறாள்.

பதினைந்து நிமிடம் யாரும் வராவிட்டால்
அது தூங்கிவிடும்.
விதிமுறையில் இருக்கிறது;
அவளும் படிக்காமல் சரி என்று சொடுக்கியவள்தான்.

மேகமாம்.
இங்கே மேகமென்றால்
நீரிணையைத் தாண்டி வந்து முகத்தில் அறையும்.
அதுவோ எந்த ஊர்க் கொட்டகையிலோ
விசிறிகளுக்கு நடுவே முனகுகிறது.

விடியுமுன் மூன்று மணிக்கு
போர்வெனீரிலிருந்து யாரோ தட்ட,
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
நாற்பது நொடி.
அப்புறம் ஒரே வரி:
பலத்த காற்று. காலைப் படகு இல்லை.

மறுநாள் பதிவேட்டில் ஒற்றை வருகை.
மாதம் ஏழு டாலர் கட்டினால் தூங்காது.
முதலில் எரிவாயு பில்.

அந்த யாரோ
மறுபடி போர்வைக்குள் போயிருப்பார்.
தளமும்,
பதினைந்து நிமிடம் கழித்து.