ஈரக்கால்

பாம்பன் தெற்குவாடியில்
ஐஸ் கம்பெனியின் ராக்கணக்கு என் பொறுப்பு.
எந்த வல்லத்துக்கு எத்தனை பார், பாக்கி யார்மேல்,
வேலை அவ்வளவுதான்.
மிச்ச இரவுக்கு ஒரு புத்தகம்.

பழைய பேப்பர் கடைக்காரர்
தராசுத் தட்டை நேராக்கத் தூக்கிப்போட்டது.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை.
இங்கிலீஷ்காரர், செத்து வெகுகாலம் ஆனவர்;
அதற்குமேல் எழுதியவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.
பேய்க்கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள்
எங்கே கிடைப்பார்?

எல்லாக் கதையிலும் ஒரு பெரிய வீடு.
ஆள் ரெண்டு பேர், அறை முப்பது.
கடைசி வண்டியில் வந்து இறங்குவார் ஒரு விருந்தாளி.
மேல்மாடிக் கோடி அறை மட்டும் வேண்டாம் என்பார்கள்.
அவர் அதைத்தான் கேட்பார்.
சன்னலுக்கு வெளியே எப்போதும் மூடுபனி.

வைகாசிப் புழுக்கத்தில்
நெற்றி வேர்வை சொட்டி
அந்த மூடுபனி பக்கத்திலேயே கரைந்துபோகும்.
அதனால் ஸ்டூலை எடுத்துக்கொண்டு
ஐஸ் அடுக்கும் அறைக்குள் போய்விடுவேன்.
அமோனியா நெடி, நாற்பது வாட் பல்பு.
இந்தக் கரையில்
விட்ட மூச்சு கண்ணுக்குத் தெரிகிற இடம்
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பார் உடைக்கிற எமரிட் கேட்டான்:
"அந்தப் பேயி என்னதான் செய்யும்?"
"கதவைத் தட்டும்."
"பெறகு?"
"மாடிப்படியில் வந்து நிற்கும்."
"ரத்தம்?"
"குடிக்காது. பார்க்கும்."
இம்புட்டுதானா என்று சிரித்தான்,
கொக்கியை ஐஸில் கொத்தி.

இம்புட்டுதான்.
ஆனால் அந்த ஒரு தட்டலுக்கு முன்னால்
முழுசாக ஒரு பக்கம்
மெழுகுவர்த்தி குறைவதைச் சொல்லிக்கொண்டிருப்பார்
அந்தப் பெயரில்லாதவர்.
பிறகு கடிகாரம் நிற்பதை.
பிறகு நாய், காதை மட்டும் நிமிர்த்துவதை.
எத்தனை தடவை படித்தாலும்
அந்த இடத்தில் நான் திரும்பிப் பார்க்கிறேன்.
நம்ம பக்கத்துப் பேய்க்கு
ஆள்மேல் ஏறினால்தான் ஆறும்.
உடுக்கை வேண்டும், சேவல் வேண்டும், எலுமிச்சம்பழம் வேண்டும்.
இதற்கு ஒன்றும் வேண்டாம்.
தான் செத்துப்போனதை
யாராவது ஒருத்தர் கவனித்தால் போதும்.

போன புரட்டாசியில்
எமரிட்டின் தம்பி தொம்மை ஏறிப்போன வல்லம்
வரவில்லை.
ஒன்பதாம் நாள் ஒரு மஞ்சள் கேன் ஒதுங்கியது,
மூடி இறுக்கியபடி,
உள்ளே பாதி குடிதண்ணீர்.
அதைப்பற்றி அவன் பேசுவதில்லை.

நேற்று ராத்திரி,
"அந்த ஈரக்கால் கதைய இன்னொருக்கச் சொல்லு" என்றான்.
சொன்னேன். ஏரியில் மூழ்கிய பையன்.
வாசலிலிருந்து கல்தரை நெடுக
ஈரக் காலடி, ஒவ்வொரு இரவும்,
சாப்பாட்டு மேசை வரைக்கும்.
"மேசை வரைக்கும் வந்தவனுக்கு
சோறு வச்சாகளா?"
புத்தகத்தில் இல்லை என்றேன்.
அலறினார்கள். விளக்கு விழுந்தது.
அடுத்த மாசமே வீட்டை விற்றுவிட்டார்கள்.
"வீட்டையா?" என்றான்.
"அவென் வந்துபோற வீட்டையா?"

கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் ஓடியது.
"நம்ம ஊருல ஈரக்கால் தங்காது" என்றான்.
"வந்தாலும் தெரியாது. மணல் குடிச்சிரும்."
நான் தரையைப் பார்த்தேன்.
ஐஸ் கம்பெனி சிமெண்டுத் தரை காய்வதே இல்லை.
எத்தனையோ கால், ஒன்றின்மேல் ஒன்றாக.

மணி ரெண்டு இருபது இருக்கும்.
கச்சான் காற்றுக்குத் தகரக் கூரை
படபடத்து ஓய்ந்த இடைவெளியில்
கதவில் யாரோ தட்டினார்கள்.

இங்கே யாரும் தட்டுவதில்லை.
ஐஸ் வேண்டுமென்றால்
கடற்கரையிலிருந்தே கத்துவார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.
விரலைப் பக்கத்தில் வைத்தபடி இருந்தேன்.
எமரிட் கொக்கியைக் கீழே வைத்தான்.
தூக்குச்சட்டி மூடியைத் திறந்துகொண்டே
கதவுப் பக்கம் போனான்.